தானாக விழுந்ததாகக் கூறுகிறார்

என் இடுப்பெலும்பு சேர்ந்துவிட்டது. ஊன்றுகோல் இல்லாமல் தெருமுனை வரை நடக்கிறேன். பார்க்கிறவர்கள் "நல்லாத் தேறிட்டீங்க சார்" என்கிறார்கள். தேறியவன் எழுதுவது இது. தேறாதவர் எழுதமாட்டார், அவருக்குக் கையெழுத்து மட்டும்தான் போட வரும். அதனால் அவருக்கு நடந்ததையும் நானே எழுத வேண்டியிருக்கிறது. அவருக்கு அது நடந்ததும் என்னால்தான்.

என் பெயர் வைத்திலிங்கம். வயது எழுபத்திரண்டு. வருவாய்த் துறையில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்து, துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றேன். வலங்கைமானுக்குப் பக்கத்தில் ஊர். அவர் பெயர் ராமையன், என்னைவிட ஒரு வயது இளையவர். அவருடைய அப்பா எங்கள் வயலில் கூலிக்கு உழைத்தவர். ராமையன் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து ஒன்றரை ஏக்கர் சொந்தமாக வாங்கினார். என் நிலத்திலும் இரண்டு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைத்துவந்தார். மகள் கலைச்செல்வியைப் படிக்கவைத்தார். அவள் பட்டுக்கோட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள்.

சம்பாவுக்கு நாற்று விட்டிருந்த சமயம். எங்கள் குலதெய்வம் கோயிலில் கிடா வெட்டு. காவல் தெய்வம் என்பதால் படையலில் சுருட்டோடு பிராந்திப் பாட்டிலும் இருக்கும். படையல் முடிந்ததும் ஆண்கள் அதைப் பங்கிட்டுக் குடிப்பார்கள். நான் குடிப்பவன் இல்லை என்றுதான் ஊரில் பெயர். கடையில் வாங்கிக் குடித்ததே இல்லை. ஆனால் சாமிக்கு வைத்ததை வேண்டாம் என்று சொல்லக்கூடாது என்று எங்கள் வீட்டில் வழக்கம். எவர்சில்வர் டம்ளரில் மூன்று தடவை வாங்கிக்கொண்டேன். வெறும் வயிறு.

பெண்கள் எல்லோரும் வேனில் முன்னாலேயே போய்விட்டார்கள். என் மைத்துனன் சாவிக்குக் கை நீட்டினான்.

"அத்தான், காரை நான் எடுக்கறேன். நீங்க பக்கத்துல உக்காருங்க."

"எதுக்கு? பிரசாதம் குடிச்சதுக்கா?" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தேன்.

என்னை நான் குடித்தவனாக நினைக்கவே இல்லை. இதை நான் சமாதானமாகச் சொல்லவில்லை. குடித்தோம் என்று தெரிந்திருந்தால் ஒருவேளை பயந்து மெதுவாகவாவது போயிருப்பேன்.

பிற்பகல் மூன்று மணி இருக்கும். எங்கள் ஊர் வாய்க்கால் மதகுக்கு முன்னால் சாலை வளைகிறது. ராமையன் உர மூட்டையைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஓரமாகப் போய்க்கொண்டிருந்தார். அவரைப் பார்த்தேன். பார்த்த பிறகு என் கால் பிரேக்குக்குப் போக வேண்டும். போயிற்று, ஆனால் ஒரு யோசனைக்குப் பிறகு போனது போலப் போயிற்று. அவரை இடித்துவிட்டுக் கார் வாய்க்காலில் இறங்கி நின்றது.

ஆம்புலன்சில் எங்கள் இருவரையும் எதிரெதிரே கிடத்தினார்கள். எனக்கு இடுப்பை அசைக்க முடியவில்லை. ராமையனுக்கு வலது முழங்கால் சேற்று நிறத்தில் வீங்கிக்கொண்டிருந்தது. உடன் வந்த பையன் முன்னால் திரும்பி டிரைவரிடம் எதையோ கேட்டுக்கொண்டிருந்தபோது, ராமையன் என் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"அய்யா, வாயில வாசம் வருது. நீங்க ஒண்ணும் பேசாதீங்க. நானா சைக்கிளோட விழுந்துட்டேன்னு சொல்லிடறேன். என்னையக் காப்பாத்தப் போயி நீங்க வாய்க்கால்ல எறங்கிட்டீங்க. சரிங்களா?"

நான் சரி என்றேன்.

தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில் அவசரப் பிரிவுக்கு வருகிற ஒவ்வொரு காயத்துக்கும் ஒரு பதிவேடு உண்டு. விபத்துப் பதிவேடு என்பார்கள். யார், எங்கே, எப்படி அடிபட்டார் என்று மருத்துவர் கேட்டு, சொல்வதை அப்படியே எழுதுவார். பின்னால் போலீசுக்கும் கோர்ட்டுக்கும் போவது அந்தத் தாள்தான். என் உத்தியோக காலம் முழுக்க நான் மனு கொண்டுவந்தவர்களிடம் சொன்ன வார்த்தை ஒன்று உண்டு: முதலில் எழுதினதுதான் நிற்கும், பிறகு எழுதுவதெல்லாம் அதோடு சண்டை போட வேண்டும். அது தெரிந்த மனிதன்தான் அங்கே படுத்திருந்தேன்.

பணியில் இருந்த பெண் மருத்துவருக்கு என் பேத்தி வயது இருக்கலாம். ராமையனின் முழங்காலைப் பார்த்துவிட்டு முகத்தைப் பார்த்தார்.

"தாத்தா, எப்படி அடிபட்டுது? வண்டி ஏதாவது இடிச்சுதா?"

"இல்லீங்கம்மா. நானாத்தான் விழுந்தேன். மதகுக் கட்டையில கால் மாட்டிக்கிச்சு."

அவர் என்னிடம் திரும்பினார். "சார், நீங்க அங்கதான இருந்தீங்க?"

"ஆமா டாக்டர். அவன் விழுந்ததைப் பாத்துத்தான் நான் வண்டியை ஒடிச்சேன்."

நெற்றியில் திருநீறு, வெள்ளை வேட்டி, திருத்தமான பேச்சு. வாயில் ராமையன் தன் மடியிலிருந்து எடுத்துக் கொடுத்த வெற்றிலை வேறு. யாரும் என்னை ஊதச் சொல்லவில்லை. விசாரிக்க வந்த போலீஸ்காரர் என் உத்தியோகத்தைக் கேட்டதும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "ஓய்வெடுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். பதிவேட்டில் ராமையன் பெயருக்கு எதிரே, சைக்கிளிலிருந்து தானாக விழுந்ததாகக் கூறுகிறார் என்று ஏறியது.

எக்ஸ்ரேயில் அவருக்குக் கீழ்க்கால் எலும்பு முறிவு. பட்டை வைத்துக் கட்டி, என் கட்டிலுக்கு அடுத்த கட்டிலில் போட்டார்கள். விடியும்வரை ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார்: "வலி கொறஞ்சிருச்சுங்கய்யா. கால் மரத்துப் போன மாதிரி இருக்கு." வலி குறைந்தது நல்லது என்று நான் நினைத்தேன்.

காலையில் பெரிய மருத்துவர் வந்து போர்வையை விலக்கி, பாதத்தைத் தொட்டதும் பேச்சை நிறுத்தினார். ஒரு சிறு கருவியைக் கொண்டுவரச் சொல்லிப் பாதத்தின் மேல் வைத்தார். ரத்தம் ஓடினால் அதில் சத்தம் கேட்கும், இலை அசைவது போல. இடது பாதத்தில் கேட்டது. வலது பாதத்தில் ஒன்றும் இல்லை.

அவர் எங்களுக்குப் புரியும்படிதான் சொன்னார். முழங்காலுக்குப் பின்னால் ஒரு ரத்தக்குழாய் ஓடுகிறது. கீழ்க்காலுக்கும் பாதத்துக்கும் ரத்தம் போகிற பெரிய வழி அதுதான். முட்டி பலமாக இடிபட்டுப் பின்னால் நகர்ந்தால் அந்தக் குழாய் நசுங்கிவிடும். மேலே தோலில் காயம் பெரிதாகத் தெரியாது. ஆறு மணி நேரத்துக்குள் ஒட்டுப் போட்டால் காலைக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. அதற்கு மேல் போனால் தசை செத்துவிடும். செத்த தசையின் விஷம் ரத்தத்தில் கலந்தால் சிறுநீரகம் போய்விடும்.

"சைக்கிள்லேர்ந்து விழுந்தா இப்படி ஆகறது ரொம்ப அபூர்வம். பம்பர் மாதிரி ஏதாவது வேகமா இடிக்கணும். கார் இடிச்ச கேஸுன்னு தெரிஞ்சிருந்தா ராத்திரியே மருந்து ஏத்தி ரத்தக்குழாயைப் படம் எடுத்திருப்போம். பெரியவரே, இப்பவாவது சொல்லுங்க. எதாவது இடிச்சுதா?"

ராமையன் என்னைப் பார்க்கவில்லை. மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தார். "இல்லீங்க" என்றார்.

மருத்துவர் என்னைப் பார்த்தார். நானும் இல்லை என்றேன்.

அன்று மத்தியானம் முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். சம்மதப் படிவத்தில் அவர் மனைவி அஞ்சம்மாள் கைநாட்டு வைத்தார். விரலைத் துடைக்கத் துணி தேடி, கடைசியில் தன் புடவைத் தலைப்பிலேயே துடைத்துக்கொண்டார்.

பிறகு இருபத்து மூன்று நாள் நாங்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் இருந்தோம். எனக்கு அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. அசையாமல் கிடந்தால் எலும்பு தானே சேரும் என்றார்கள். சென்னையிலிருந்து என் மகன் வந்து தனியார் மருத்துவமனைக்கு மாற்றுகிறேன் என்றான். வேண்டாம் என்றேன். வார்டு முழுக்க அது பரவியது. ராமையன் தன்னைப் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னார்: "அய்யா நெனச்சிருந்தா ஏசி ரூமுக்குப் போயிருக்கலாம். என்னைய விட்டுட்டுப் போமாட்டேன்னுட்டாங்க."

நான் இருந்தது அதற்காக இல்லை. அவர் யாரிடமாவது உண்மையைச் சொல்லிவிடுவாரோ என்று காவல் இருந்தேன்.

என் மனைவிக்கு மூட்டுவலி. படி ஏறி வருவதே பெரும்பாடு. ரசம் சாதமும் பொடிமாஸும் இரண்டு அடுக்கில் கொண்டுவருவாள், ஓர் அடுக்கு அவர்களுக்கு. மற்ற நேரமெல்லாம் எனக்கு வெந்நீர் எடுத்துவந்தவர் அஞ்சம்மாள். ஆண் பணியாளர் வரத் தாமதமாகும்போது என் சிறுநீர்ப் பாத்திரத்தை எடுத்துப்போய்க் கொட்டிக் கழுவிவந்தவரும் அவர்தான். முதல் முறை நான் வேண்டாம் என்று தடுத்தேன்.

"இருக்கட்டுங்க. அவருக்கு எடுக்கறேன், ஒங்களுக்கு எடுக்கறதுல என்ன வந்துச்சு" என்றார்.

கட்டுப் பிரிக்கும் நேரத்தில் ராமையன் வலி பொறுக்காமல் பற்களைக் கடிப்பார். முடிந்ததும் வேடிக்கை பேசுவார். ஒருநாள் சொன்னார்: "இனிமே நானும் ஒங்களாட்டம் வரப்புல நின்னு கையக் காட்டிக்கிட்டே வெள்ளாம பாக்கலாங்கய்யா."

அஞ்சம்மாள் விடவில்லை. "கையக் காட்டினா யாரு எறங்குவா? நாந்தான் எறங்கணும். நல்ல மிராசுதாரு!"

வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன்.

எடுத்துவிட்ட பாதம் அவருக்குக் குளிர்ந்தது. சேற்றில் நிற்பது போல இருக்கிறது, விரல் இடுக்கில் அரிக்கிறது, சொறிந்துவிடு என்று மனைவியிடம் சொல்வார். அஞ்சம்மாள் போர்வையின் வெற்றிடத்தைப் பார்த்தபடி நிற்பார். கால் போனாலும் காலுக்கான நரம்பு மூளையில் இன்னும் இருக்கும், அது தேடிக்கொண்டிருக்கும் என்று செவிலியர் விளக்கினார். அவர் வாழ்நாள் முழுதும் சேற்றில் நின்ற கால். அது வேறு எதைத் தேடும்?

ஞாயிற்றுக்கிழமைகளில் வந்துபோய்க்கொண்டிருந்த கலைச்செல்வி, வீட்டுக்கு அனுப்பும் நாளில் காலையிலேயே வந்தாள். தந்தையின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சிகிச்சைச் சுருக்கத்தைக் கடைசி வரி வரை படித்தாள். அவள் என்னை ஒருபோதும் அய்யா என்று கூப்பிட்டதில்லை.

"சார், இதுல அப்பா தானா விழுந்ததா போட்டிருக்கு. சைக்கிளை நான் வீட்டுல பாத்தேன். பின்சக்கரம் மடங்கிக் கெடக்கு. மட்கார்டுல வெள்ளை பெயிண்ட் ஒட்டியிருக்கு. ஒங்க கார் என்ன கலரு?"

"ஏய் செல்வி!" ராமையன் எழுந்திருக்கப் பார்த்து, கால் இல்லாததை மறந்து சாய்ந்து, தலையணையைப் பிடித்துக்கொண்டார். "பெரியவங்ககிட்ட இப்படியா பேசுவ? எந்திரிச்சு வெளியில போ!"

அவள் போகவில்லை. என் பதிலுக்காகக் காத்திருந்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். நோயாளிக்கு அந்த வசதி உண்டு.

வீட்டுக்கு வந்தபின் என் மனைவி சொன்னாள்: "அன்னைக்குப் போட்டிருந்த சட்டையை நாந்தான் தொவச்சேன். எனக்குத் தெரியும்." என் மகன் தினமும் போனில், "குடிச்சிருந்ததை மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்கப்பா" என்றான்.

நான்கு மாதம் கடந்தபின் ஊன்றுகோலோடு ராமையன் வீட்டுக்குப் போனேன். ஒரு நல்ல காரியம் செய்யப்போகிறோம் என்ற நினைப்போடுதான் போனேன். குத்தகை நிலம் இரண்டு ஏக்கரையும் அவர் பேருக்கு எழுதிக்கொடுத்துவிடுகிறேன் என்றேன். ராமையன் கைகூப்பினார். கலைச்செல்வி விடுமுறைக்கு வந்திருந்தாள்.

"அது ஒங்க தர்மம் சார். நாளைக்கு ஒங்க பையன் வந்து, ஒங்கள நாங்க ஏமாத்தி எழுதி வாங்கிட்டோம்னு கேஸ் போடலாம். எங்கப்பாவுக்கு தர்மம் வேணாம். நடந்ததை எழுதிக் குடுங்க."

அவள் தஞ்சாவூர் கோர்ட்டில் இருக்கும் இலவசச் சட்ட உதவி மையத்துக்குப் போய்வந்திருந்தாள். அங்கிருந்த வக்கீல் சொன்னதை எனக்குச் சொன்னாள். நான் சட்டம் படித்தவன் இல்லை என்றாலும் அரசாங்கக் காகிதங்களிலேயே வாழ்ந்தவன். ஆனாலும் எனக்கு இது தெரிந்திருக்கவில்லை. வண்டி இடித்துக் காயம்பட்டவர், மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்கலாம். ஓட்டியவன் குடித்திருந்தான் என்பதற்காக அடிபட்டவரின் உரிமை போய்விடாது. அப்படிப்பட்ட வழக்குகளில், காப்பீட்டு நிறுவனம் முதலில் அடிபட்டவருக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு வண்டிக்காரனிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவிடுவது உண்டு. போன கால், போன உழைப்பு, செயற்கைக் கால், இனி ஆகப்போகும் வைத்தியம், பட்ட வேதனை எல்லாவற்றுக்கும் கேட்கலாம். ஆனால் வழக்குப் பதிவு வேண்டும். ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். எங்களுக்கு இரண்டு மாதம்கூட மீதி இல்லை.

"மனுவுல அப்பா கையெழுத்துப் போடணும். போலீஸ்ல அப்பா சொல்லணும்" என்றாள்.

ராமையன் தலையை ஆட்டினார். "முடியாது. அய்யாவ ஜெயிலுக்கு அனுப்பிட்டு அந்தக் காசுல நான் சோறு திங்கவா? என்னைய விட்டுட்டுப் போவமாட்டேன்னு பக்கத்துலயே கெடந்த மனுசன்."

அஞ்சம்மாளும் அதையே சொன்னார். அந்த வீட்டில் எல்லோரும் அதை நம்பிக்கொண்டிருந்தார்கள். ராமையன் கையைக் கட்டிப்போட்டிருந்தது பயம் இல்லை, நன்றி. அதுவும் நான் செய்யாத ஒன்றுக்கு. அதை அவிழ்க்க வேண்டுமானால் நான்தான் அவிழ்க்க வேண்டும்.

"ராமையா, நான் ஒனக்காக அங்க இருக்கல" என்றேன். "நீ டாக்டர்கிட்ட எதாவது சொல்லிடுவியோன்னு பயந்துக்கிட்டு இருந்தேன். காவலுக்கு இருந்தேன். மறுநாள் காலைல டாக்டர் கேட்டப்பவும், நீ என்ன சொல்லப்போறன்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன். ஒன் காலை நான் பாக்கவே இல்ல."

அவர் என்னைப் பார்த்தார். இதை எழுதும்போதும் அந்தப் பார்வையை எனக்கு எழுதத் தெரியவில்லை. கோபம் இருந்திருந்தால் எழுதிவிடலாம். சாவு வீட்டுச் செய்தியைக் கேட்டவர் முகம் போல இருந்தது. காலை எடுத்த அன்றுகூட அவர் முகம் அப்படி ஆகவில்லை.

அஞ்சம்மாள் என் எதிரே வைத்திருந்த மோர் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நான் அதைக் குடித்திருக்கவில்லை.

ராமையன் ஊன்றுகோலை எட்டி எடுத்துக்கொண்டு மகளிடம் சொன்னார்: "ஆட்டோவுக்குச் சொல்லு."

வழக்கு இன்னும் முடியவில்லை. கோயிலில் கூடக் குடித்தவர்கள் யாரும் முன்வராததால், நான் குடித்திருந்தேன் என்பதற்கு என் வாய்மொழியைத் தவிர வேறு சாட்சி இல்லை. காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீல் என்னைக் கூண்டில் நிறுத்தி, "நீங்களும் உங்கள் குத்தகைதாரரும் பேசிவைத்துக்கொண்டு நஷ்டஈட்டுக்காகக் கதை கட்டுகிறீர்கள்" என்றார். மருத்துவமனைப் பதிவேட்டின் நகலை நீட்டி, இது யார் சொன்னது என்று கேட்டார். நாங்கள் சொன்னதுதான் என்றேன். அப்போது பொய்யா, இப்போது பொய்யா என்றார். அப்போது என்றேன். நீதிபதி எழுதிக்கொண்டார். என்ன தீர்ப்பு வரும் என்று தெரியாது. என் மேல் உள்ள குற்ற வழக்கு தனியாக நடக்கிறது. அதில் நான் வக்கீல் வைத்துக்கொள்ளவில்லை.

இதைப் படிப்பவர்களில் யாராவது நாளை அவசரப் பிரிவில் படுத்திருக்கலாம். மருத்துவரிடம் நடந்ததைச் சொல்லுங்கள். இடித்தவர் உறவுக்காரராக இருந்தாலும், நிலம் கொடுத்தவராக இருந்தாலும் சொல்லுங்கள். பதிவேட்டின் நகலை அன்றைக்கே கேட்டு வாங்கிப் படியுங்கள், அல்லது படிக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். அந்தப் படிக்கத் தெரிந்தவர் இடித்தவராக இருக்கக்கூடாது.

ஆட்டோ வந்த அன்று காவல் நிலையத்தில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். ராமையனும் மகளும் பின்னால், நான் டிரைவருக்குப் பக்கத்தில். நிலையத்தில் இருந்த எழுத்தர் என்னை அடையாளம் கண்டு எழுந்து நின்றார். நாற்காலி எனக்குத்தான் வந்தது. நான் அதை ராமையன் பக்கம் தள்ளினேன். அவர் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார். ஆட்டோ வருவதற்குள் ராமையன் வீட்டிலேயே உட்கார்ந்து நான் எழுதிக் கொண்டுவந்திருந்த வாக்குமூலத்தை எழுத்தர் இரண்டு முறை படித்தார்.

"சார், நாலு மாசம் ஆச்சு. இது தேவையா? நல்லா யோசிச்சுத்தான் குடுக்கறீங்களா?"

"பதிவு பண்ணுங்க" என்றேன்.

அவர் பெருமூச்சு விட்டு ராமையனிடம் திரும்பினார். "பெரியவரே, நீங்க சொல்லுங்க. ஒங்களை இடிச்சது யாரு?"

கலைச்செல்வி தந்தையின் தோளில் கை வைத்தாள். அவர் அந்தக் கையை மெதுவாக எடுத்துவிட்டார். பிறகு என் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"வைத்திலிங்கம்."

எழுத்தர் பேனாவை நிறுத்தி, ஏதோ விட்டுப்போனது போல அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ராமையன் அதோடு எதையும் சேர்க்கவில்லை. எழுபது வருடமாக ஒரே ஊரில் இருக்கிறோம். அவர் என் பெயரைச் சொல்லி அன்றுதான் கேட்டேன்.